காலேஜவிட்டு நின்ன பொண்ணு

கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்ற காலை பஸ்ஸு. எனக்கு முன் சீட்டுல, காலேஜ் ஐடி கார்டு மாட்டின பொண்ணு சிநேகிதிகிட்ட சொல்லுது: "நான் காலேஜவிட்டு நின்னுட்டேனாம்டி."

எனக்கு உருப்படியா வர்ற ஒரே வேலை, தூங்குற மாதிரி நடிக்கிறது. கண்ண மூடிக்கிட்டேன்.

"யாருடி சொன்னா?"

"ஸ்காலர்ஷிப் மெசேஜ். பிசிக்ஸ்லேர்ந்து தமிழுக்கு மாறினேன்ல? பழைய கோர்ஸ்ல பேர எடுத்துட்டாங்க, புதுசுல இன்னும் ஏத்தல. பணம் நின்னுபோச்சு."

"காலேஜ்ல லெட்டர் வாங்கிக் குடு, சரியாயிடும்."

"இன்னிக்கே குடுக்கணும். மெசேஜு அப்பா போனுக்குப் போயிடுச்சு. படிப்பு அவ்ளோதான்னு, ஞாயித்துக்கிழம மாப்பிள்ள வீட்டாரப் பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாரு."

"தினம் பஸ் ஏறுறியே, அவரு பாக்கலியா?"

"போன்ல வந்தா பொய்யா இருக்காதாம்."

"அவங்க வந்துட்டா?"

"பஜ்ஜி சாப்பிடட்டும். அப்புறம் மாப்பிள்ளைக்கு வேற எடத்துல முடிஞ்சிடுச்சுன்னு அப்பா போனுக்கு நானே ஒரு மெசேஜ் போட்டுடுறேன்."