வாசலுக்கு வெளிய விழுந்தவங்க

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மழை விட்டு வெயில் வந்திருக்கு, முட்டி வலிக்காரங்க ராத்திரி வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுப் படுங்க. சளி புடிச்சவங்க தூதுவளை ரசம் வைங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். காலைல ஆறேமுக்காலுக்கு இங்க வந்து உக்காந்தேன். தரை சில்லுன்னு இருக்கு. கையில போன் இருக்கு, அதான் நம்ம குரூப்புக்கு ஒண்ணு எழுதலாம்னு தட்டிகிட்டு இருக்கேன்.

போன வாரம் குரூப்புல ஒரு பொண்ணு கேட்டிருந்தா, அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்க்கணும், பத்திரமான இல்லம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. நல்ல கேள்வி. மொதல்ல மூணு மணிக்குப் போங்க, அப்பத்தான் சமையல்கட்டு நெசமா எப்படி இருக்குன்னு தெரியும். பாத்ரூம் கைப்பிடிய ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க. பெல் கயித்த இழுத்துட்டு எத்தனை எண்ணுறதுக்குள்ள ஆள் வருதுன்னு எண்ணுங்க. அங்க இருக்கிறவங்க கால் நகத்தப் பாருங்க, வெட்டி விட்டிருந்தா நல்ல எடம். எல்லாத்துக்கும் மேல விபத்துப் பதிவேட்டக் கேட்டு வாங்கிப் பாருங்க. மந்தாரக்குப்பத்துல எங்க இல்லத்துல அது காலி. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது நாளா காலி. அது என்னாலதான். பெருமைக்குச் சொல்லல. எப்படின்னு சொல்றேன்.

என் பேரு விஜயகுமாரி, வயசு எழுபத்திரெண்டு. எங்க வீட்டுக்காரர் பரமசிவம் நெலக்கரி மைன்ஸ்ல சேஃப்டி செக்ஷன்ல இருந்தாரு. முப்பது வருஷம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்லதான் இருந்தோம். தெனம் காலைல ஷிப்டுக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி போய், வாசல் போர்டுல ‘விபத்தில்லா நாட்கள்’னு இருக்கிற எடத்துல நம்பர் எழுதுறது அவரு வேலை. ஆயிரத்த ஒரு தடவை எழுதிப் பார்த்துடணும்னு அவருக்கு ஆசை. அறுநூத்து நாப்பது வரைக்கும் போச்சு. அன்னைக்கு யாரோ ஒருத்தரு ஜீப் கதவுல விரல நசுக்கிகிட்டாரு. இவரு போய் நம்பர அழிச்சு சைபர் போட்டுட்டு வந்து, மத்தியானம் சாப்பிடாம படுத்துட்டாரு.

“விரல்தானேங்க”ன்னேன்.

“விரலும் ஆளோடதுதான விஜயா”ன்னாரு.

நல்ல மனுஷன், சாமர்த்தியம் பத்தாது. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸக் காலி பண்ணி, வாடகை வீட்டுக்கு வந்து, ஆயிரத்தப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துட்டாரு. பையன் புனேல. என்னைக் கொண்டாந்து இங்க விட்டான்.

இந்த இல்லத்த நடத்துறது மலர்கொடி. முன்னாடி நர்ஸா இருந்த பொண்ணு, நேர்மைன்னா நேர்மை. நான் போர்டு விஷயத்தச் சொன்னதும் சந்தோஷமா ஒரு கரும்பலகை வாங்கி ஹால்ல மாட்டிட்டா. ஆனா ஒரு கண்டிஷன் போட்டா. “உள்ள யாரு வழுக்கி வுழுந்தாலும் பதிவேட்டுல எழுதணும்மா. எதுனால வுழுந்தாங்களோ அத அன்னைக்கே கொத்தனார வரச்சொல்லி சரி பண்ணிடுவேன். போர்டுல சைபர் போட்டுடணும்.” சரின்னேன். நம்பர் எழுதுற பொறுப்ப நானே எடுத்துகிட்டேன். சாக்பீஸ் எப்பவும் என் முந்தானைல முடிஞ்சிருக்கும்.

கை கழுவுற எடத்துக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு டைல்ஸ் கல்லு ஆடும். அடியில தண்ணி நிக்கும். ஓரத்துல கால் வெச்சா ஊஞ்சல் மாதிரி ஒரு தூக்குத் தூக்கும். மொதல்ல அதுல விழுந்தவரு ராயப்பன், நூத்து நாப்பதாவது நாள்ல. காலமெல்லாம் காண்ட்ராக்ட்ல கன்வேயர் பெல்ட்டு வேலை பார்த்த மனுஷன். எந்திரிச்சு உக்காந்து வாயத் துடைச்சுகிட்டு, “ஒண்ணும் ஆவுலங்க. போனது காண்ட்ராக்ட் பல்லுதான். பர்மனென்ட் பல்லு அப்படியே இருக்குது”ன்னாரு.

நான் போர்டப் பார்த்தேன். நூத்து நாப்பதுன்னு அழகா எழுதியிருந்தேன். “ராயப்பன், வாசலுக்கு வெளிய போய் விழுந்தேன்னு சொல்லிடுங்களேன்”னேன். அவரும் சிரிச்சுகிட்டே, “உள்ள வுழுந்தா என்னா, வெளிய வுழுந்தா என்னா, எல்லாம் ஒரே பல்லுதானுங்களே”ன்னு நடந்து போய் ரோட்டுல நின்னுகிட்டுக் கூப்பாடு போட்டாரு.

அடுத்து சாமியம்மாள், மணிக்கட்டு. அதுவும் வெளியதான். மலர்கொடி பயந்து போய் பஞ்சாயத்துல மனு குடுத்து வாசலுக்கு நேரா ஒரு வேகத்தடை போட வெச்சா. ஒரு வண்டியும் யாரையும் இடிக்கல, ஆனா வேகத்தடை வந்துது. போன வருஷம் இல்லத்த மதிப்பீடு பண்ண வந்த கிருஷ்ணப்ரியாங்கிற பொண்ணு, “உள்ள ரொம்பப் பாதுகாப்பு. ரோடுதான் மோசம்”னு எழுதிட்டுப் போனா. எனக்குக் கூச்சமா இருந்துது.

கல்லு ஆடுதுன்னு மலர்கொடிகிட்ட சும்மா சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எப்படித் தெரியும்னு அவ கேப்பாளே. நான் அதுல கால் வைக்க மாட்டேன், தாண்டிப் போயிடுவேன். மத்தவங்களும் பார்த்து நடக்கலாம்.

செங்கமலம் அக்காவுக்குக் காடாம்புலியூர். எழுபத்தெட்டு வயசு. பேத்தி இசைப்பிரியாவுக்கு வைகாசில கல்யாணம். மண்டபத்துக்குள்ள யாரும் புடிக்காம தானே நடந்து போகணும்னு தெனம் வராண்டாவுல பத்து ரவுண்டு நடப்பாங்க. என்னைப் பார்த்து, “என்னாங்க டவுன்ஷிப்பம்மா, ஷிப்டு முடிஞ்சுதா? நான் இன்னும் மூணு சுத்து ஓவர்டைம் பாக்கணும்”னு கிண்டல் பண்ணுவாங்க. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கறப்ப அந்தக் கல்லுல விழுந்தாங்க. அது எழுநூத்துப் பன்னெண்டாவது நாள். கண்ணு மூடிகிச்சு, பேச்சு இல்ல.

ராயப்பன் ஓடி வந்தாரு. “அம்மா, இது பல்லு இல்லீங்க. பெல்லு அடிங்க.”

“வாசல் இருவது அடிதான் ராயப்பன். அங்க கொண்டு போயிட்டே அடிப்போம்”னேன்.

பர்மனென்ட்காரங்க சொன்னாச் செஞ்சு பழகின மனுஷன், பெட்ஷீட்ட எடுத்தாந்தாரு. ரெண்டு பேருமா அக்காவ அதுல உருட்டி, இழுத்துகிட்டு வெளிய கொண்டு போய் விட்டோம். அதுக்கப்புறம் சத்தமா நான்தான் கத்தினேன். அந்த வகையில பார்த்தா உதவின்னு மொதல்ல கூப்பிட்டது நான்தான்.

இடுப்பு எலும்பு. விரிசலோட போயிருக்க வேண்டியது, யாரோ அசைச்சதுல விலகிடிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ரோட்டுல போறவங்களுக்கு எப்படித் தூக்கணும்னு தெரியறதில்லன்னு அவருகிட்ட நானே வருத்தப்பட்டேன். அக்கா கண்ணத் தொறந்ததும், “நான் எதுக்குங்க ரோட்டுக்கு வந்தேன்?”னு கேட்டாங்க. “கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு கெளம்பினீங்கக்கா”ன்னேன். அவங்க பையன் தமிழ்மாறன் பக்கத்துல நின்னு கேட்டுகிட்டு இருந்தாரு. அன்னையிலேருந்து அக்காவுக்கு மறதி நோய்னு ஆயிடிச்சு. ராத்திரிக்கு ஒரு மாத்திரை. கல்யாணத்துக்கும் கூட்டிகிட்டுப் போகல. வீடியோ கால்லதான் பார்த்தாங்க. ஒரு மணி நேரம் போனப் புடிச்சுகிட்டு நின்னது நான். கை என்ன வலி வலிச்சுது தெரியுமா.

அதுக்கப்புறம் அக்காவுக்கு வீல்சேர்தான். அடிக்கடி ஒரு கனா வருதும்பாங்க. பெல்ட்டுல நெலக்கரி போற மாதிரி மல்லாக்க போய்கினே இருக்கேன், மேல ஃபேனு ஒண்ணொண்ணா பின்னாடி போவுதும்பாங்க. எல்லாரும் சிரிப்போம். ராயப்பன் மட்டும் எந்திரிச்சுப் போயிடுவாரு. என்கூட அவரு பேச்ச நிறுத்தி ஒம்போது மாசம் ஆச்சு.

இன்னைக்கு ஆயிரமாவது நாள். பத்து மணிக்கு மறுபடியும் மதிப்பீட்டுக்கு வர்றாங்க. வெள்ளனவே குளிச்சுட்டு நம்பர் எழுதணும்னு அவசரத்துல வந்தேன். எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய நெனச்சுகிட்டே வந்ததுல தாண்டுறதுக்கு மறந்துட்டேன். வலது கால் வேற பக்கம் பார்த்துகிட்டு இருக்கு. பெல் கயிறு தலைக்கு மேல ஒரு சாண் தூரத்துலதான் தொங்குது. இழுத்தா மலர்கொடி வருவா, பதிவேட்ட எடுப்பா. அதனால உக்காந்திருக்கேன். உக்கார்றது விபத்து இல்ல.

இப்பத்தான் வீல்சேர் சத்தம் கேட்டுது. செங்கமலம் அக்கா.

“யாரு அது? டவுன்ஷிப்பம்மாவா? கீழ என்னா பண்றீங்க?”

“சும்மா உக்காந்திருக்கேங்க்கா.”

அக்கா என் காலப் பார்த்தாங்க. ஓரத்துல தூக்கிகிட்டு நிக்கிற கல்லப் பார்த்தாங்க. மேல ஃபேனப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

“இந்தக் கல்லுதான். நான் ரோட்டுல வுழுவல. இங்கதான் வுழுந்தேன்.”

“இல்லக்கா. ரோட்டுல விழுந்தீங்க. உங்களுக்கு மறதி.”

எனக்கு மூச்சு வாங்கிச்சு, ஆனா பொறுமையாத்தான் சொன்னேன்.

அக்கா சிரிச்சாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சிரிச்ச மாதிரியே இருந்துது. “செரிங்க. அப்ப நீங்களும் ரோட்டாண்டதான் வுழுந்திருப்பீங்க. இருங்க, ராயப்பனக் கூட்டிகினு வரேன். பெட்ஷீட்டு எடுத்துகினு.”

என்ன நல்ல மனசு பாருங்க. நான் கேக்கக்கூட இல்ல. வேகத்தடைய நெனச்சாத்தான் கொஞ்சம் பயமா இருக்கு. ஹால் வழியா இழுத்துகிட்டுப் போறப்ப போர்டுகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லணும், படுத்தபடியே எட்டுமான்னு பார்க்கணும். சாக்பீஸ் உடையல.

ரெண்டு பேரும் வர்ற சத்தம் கேக்குது, அதனால முடிச்சுக்குறேன். உங்க வீட்டுல, உங்க அம்மா அப்பா இருக்கிற இல்லத்துல, விபத்தில்லாம எத்தனை நாள் ஆச்சுன்னு எல்லாரும் மறக்காம எழுதி அனுப்புங்க. வாசலுக்கு வெளிய விழுந்ததச் சேர்க்க வேண்டாம்.