நகர்ந்து வந்த கிளுவை வேலி

"வேலி தானா நகந்து வந்துருச்சுன்னு சொல்லிப்போடலாம் அம்மணி" என்று முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னதும் என் தூக்கம் கலைந்துவிட்டது. வெள்ளகோவிலில் பஸ் ஏறியவர்கள், தாலுகா ஆபீசுக்குப் போகிறார்கள். அவர்கள் ஆடு மேய்க்கும் சொந்தக் காட்டைச் சுற்றி நட்ட கிளுவை முள்செடி வேலி, வண்டிப்பாதைப் புறம்போக்குக்குள் நிற்கிறதாம். இன்று பதில் சொல்லாவிட்டால் மொத்த வேலியையும் பிடுங்கிவிடுவோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது.

"சங்கிலி போட்டு அளந்த சர்வேயர் அத நம்புவாருங்களா? வருசா வருசம் காஞ்ச கிளுவைக்குப் பதுலா புதுக் குச்சிய எந்தப் பக்கம் நட்டீங்க?"

"வெளிப்பக்கந்தான். உள்பக்கம் நட்டா துளுரையெல்லாம் ஆடு கடிச்சுப்போடுமில்ல."

"அப்படியேதானுங்க பாதி ரோடு நம்ம காட்டுக்குள்ள வந்துருச்சு."

"அப்ப ஆட்டத்தான் சாட்சிக்குக் கூட்டியாரோணும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "பேசாம, நாங்களே உள்ள தள்ளி நட்டுக்கறோம்னு எழுதிக் குடுத்துப்போடுங்க. குச்சி தழையற வரைக்கும் ஆட்ட நான் பாத்துக்கறனுங்க."

"அத்தன ஆட்டையும் நீ ஒருத்தியேவா?"

"இத்தன வருசமா உங்கள மேச்சுட்டு இருக்கறனுங்க. ஆடு சொன்னாக் கேக்கும்."

காங்கேயத்தில் இறங்கும்போது அவர் மனைவியிடம் சொன்னார்.

"மொதல்ல ஒரு வெள்ளத் தாளு வாங்கோணும் அம்மணி."