மேடைக்கு ஏற்ற முகம்

உங்கள் விசாரணை அறை ட்யூப்லைட்டில் யார் முகமும் எடுபடாது, மேடம். உங்களுக்கே கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தெரிகிறது; நிஜத்தில் அவ்வளவு இருக்காது. நான் நிற்கிறேனே. மேக்கப் தொழிலில் நின்றே பழகிவிட்டது. உட்கார்ந்தால் கை பரபரக்கிறது.

என் அக்கா மகளைப் பற்றித்தானே? அக்கா போன பிறகு வளர்த்தது நான்தான். லட்சணமான பெண். ஆனால் தேசிய அழகிப் போட்டியில் லட்சணமான பெண்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுவார்கள். "நல்ல முகம்தான், ஆனா மனசுல நிக்கலையே" என்பார் நடுவர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

போன வருஷம் போட்டிக்காரர்கள் போக்கை மாற்றினார்கள். எல்லா நிறமும், எல்லா உடல்வாகும் மேடையேற வேண்டும் என்று ஊரெல்லாம் விளம்பரம். நல்ல விஷயம்தான். இவள் மட்டும் கசப்பாகச் சிரித்தாள்.

"போச்சு சித்தி. இனிமே இந்தச் சாதா மூஞ்சிக்கு அங்க என்ன வேலை?"

"வாய மூடுடி. சித்தி எதுக்கு இருக்கேன்?"

தோலின் நிறத்தை அழிக்கும் மருந்து ஒன்று உண்டு. அதை அவளுடைய நைட் கிரீமில் கலந்தேன். நானே தடவிவிட்டேன், கன்னத்தில், நெற்றியில், கழுத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள்.

வெள்ளைத் திட்டு தெரிந்த அன்று என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், நடிப்பில்லை. பிறகு, "மறைக்காத. அப்படியே மேடையேறு" என்றேன். அரங்கமே எழுந்து நின்றது. சின்ன வயதிலிருந்தே வெள்ளைத் திட்டு உள்ள பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். கிரீடத்தோடு ஓடிவந்து, "எல்லாம் உன்னாலதான் சித்தி" என்றாள். அது உண்மைதானே?

நான் தடவுவதை நிறுத்தியும் திட்டு நிற்கவில்லை. கை, முதுகு என்று படர்கிறது. டாக்டரிடம் போனோம். தானாக வரும் திட்டு பெரும்பாலும் கண்ணையும் வாயையும் சுற்றித்தான் தொடங்குமாம். இவளுக்கு அங்கே மட்டும் கோடு போட்டதுபோல் விட்டிருக்கிறதே என்றார். என் தொழில் புத்தி, மேடம். எந்தக் கிரீமையும் கண்ணோரத்திலும் உதட்டிலும் படவிடமாட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாளாம். கோபம் தணியட்டும். அடுத்தது உலகப் போட்டி. வலது கன்னத்தில் இன்னும் சரியாகப் பரவவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் அவளிடம் விட்டால் சமமாக்கிவிடுவேன். வேறு யாரையும் தொடவிடாதீர்கள், மேடம். அந்த முகத்தின் அருமை அவர்களுக்குத் தெரியாது.