கைராசிக்காரர்

மாத்திரையை வெதுவெதுப்பான தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். காபியில் விழுங்குகிறவர்கள், எச்சிலோடு விழுங்குகிறவர்கள், கடித்து மென்றுவிட்டு முகத்தைச் சுளிப்பவர்கள் என்று நான் பார்க்காத ஆள் இல்லை. மருந்துக்கடையில் இருபது வருடம் நின்றவன் சொல்கிறேன், மருந்து பாதி, சாப்பிடும் முறை பாதி. என் தங்கைக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் நாலு நாளாக ஒழுங்காகக் கேட்கிறாள். நாலு நாளாக அவளுக்கு இடது கை மரத்துப்போகிறது, விடாத தலைவலி வேறு.

இதை எழுதச் சொன்னவர் டீச்சர். 'வீட்டை' விட்டு வெளியே வந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிறோம். டீச்சர்தான் நடத்துகிறார். அவரும் ஒன்பது வருடம் எங்களோடு உள்ளே இருந்தவர். போன கூட்டத்தில் ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "உள்ள என்ன நடந்துச்சோ ஒளிக்காம எழுதுங்க. எழுதினாத்தான் பாரம் இறங்கும்" என்றார். எனக்குப் பாரம் என்று எதுவும் இல்லை. ஆனால் வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்துவிடுகிற ஆள் நான். நோட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அதே கூட்டத்தில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். 'எங்கள் உயிர் காத்த கைராசிக்காரருக்கு' என்று அடியில் எழுதியிருந்தது. உள்ளே எங்களோடு இருந்த வெல்டர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். என் தங்கை கை தட்டிக்கொண்டே அழுதாள். கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. அதைச் சொல்லி யார் மனதையும் புண்படுத்த வேண்டாம் என்று இருக்கிறேன்.

வீடு என்று நாங்கள் சொன்னது ஒரு மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலை. மூன்று மாடி, எழுபது பேர். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அனுப்புவது எங்கள் வேலை. எங்களை நடத்திய பெரியவர் முன்பு தையல் மிஷின் விற்றவர். பேச்சில் தேன் ஒழுகும். அவர் சொன்னதிலெல்லாம் முக்கியமானது ஒன்றுதான்: நோய் என்பது நம்பிக்கையில் விழுந்த ஓட்டை, மருந்து சாப்பிடுகிறவன் கடவுளின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தங்கள் மருந்துகளை எல்லோர் முன்னாலும் ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். மருந்துக்கடைக்காரன் என்பதால் பெட்டி என் பொறுப்பில் வந்தது. எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்ற வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாட்சி நேரம். பேக்கிங் ஹாலில் வரிசையாக நின்று, மருந்தைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட எல்லோரும் கை தட்டுவார்கள். நூறைத் தாண்டினால் பெரியவரே தோளில் தட்டுவார்.

கொஞ்ச நாளிலேயே ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, இஸ்திரி அறையில், கஞ்சித்தொட்டி ஓரத்தில். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரியாது." நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கரைக்காமல் எடுத்து வைத்திருந்ததிலிருந்து கொடுத்தேன். ஆறு மாதம் அப்படித்தான் போயிற்று. கைராசிக்காரர் என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

பிரச்சினை சாயங்காலங்களில்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு என் கையால் வாங்கி விழுங்கிய அதே மனிதர், ஆறு மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நூத்து இருபது நாள்" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத் தினமும் முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பொய் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மருந்தை நிறுத்தலாம் என்றால் ஆள் ஓடிவிடுகிறார்கள். அந்த வருடம் மட்டும் மூன்று பேர் டாக்டரைத் தேடி வெளியே போய், திரும்பி வரவேயில்லை. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது. நான் ஒரு வாரம் யோசித்தேன்.

பழைய கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளைத் தட்டு என்னிடம் இருந்தது. பன்னிரண்டு குழி, மேலே அழுத்த ஒரு பலகை. விரிப்புக்குப் போடும் கஞ்சிமாவு, சுண்ணாம்புக்கட்டித் தூள், கொஞ்சம் சர்க்கரை, நாக்கைச் சுருக்க ஒரு சிட்டிகை படிகாரம். ருசியாக இருந்தால் யாரும் மருந்தென்று நம்ப மாட்டார்கள். இரத்த அழுத்தத்துக்கு இளஞ்சிவப்பு வேண்டும். விரிப்புகளில் அடையாளம் போடும் சிவப்பு மை ஒரு சொட்டு போதும். அட்டையாகக் கொடுத்தால் சரசரக்கும், மாட்டிக்கொள்வோம் என்று சொல்லிப் பொட்டலமாகக் கொடுத்தேன். அதையும் ஒப்புக்கொண்டார்கள். உண்மையான மருந்துகளை, பெரியவர் சொன்னபடியே, வாளியில் கரைத்து ஊற்றினேன்.

அன்று முதல் சாட்சி நேரத்தில் அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. அவர்களுக்குத்தான் அது தெரியாது.

நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, காலையா மாலையா, பாதியா முழுசா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். வெல்டரின் வயிற்றெரிச்சல் நின்றது. டீச்சர், நீங்கள் ஒன்பது வருடம் அடித்துப் போட்டதுபோல் தூங்கியது அந்தக் கஞ்சிமாவில்தான். படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரலாம். ஆனால் தூங்கினீர்களா இல்லையா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட மருந்துக்காக வீட்டை விட்டுப் போகவில்லை. போக வேண்டிய அவசியமே இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

என் தங்கையையும் அவள் கணவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தது நான்தான். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எந்த மிஷினையும் பிரித்துப் பார்க்காமல் அவருக்குக் கை சும்மா இருக்காது. வந்த நாளிலிருந்து சலவை மிஷின்கள் அவர் கையில். இதயம் கொஞ்சம் பலவீனம், இரத்த அழுத்தமும் உண்டு. அவருடைய மாத்திரைகளைத் தகரப் பெட்டியில் போட்டபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மச்சான் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்பது அதன் அர்த்தம்.

ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு விரலைப் பார்த்தார். "என்ன மச்சான், மாத்திரை கையில ஒட்டுது? பழைய மாத்திரை இப்படி இருக்காதே."

"சலவைக்கூடத்து ஈரக்காத்து மாப்பிள்ளை. உடனே வாயில போட்டுக்குங்க" என்றேன்.

அடுத்த முறை கஞ்சிமாவைக் கொஞ்சம் கூட்டி, நன்றாகக் காய வைத்தேன். குறை சொன்னால் திருத்திக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அவரும் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் போனபின், "இங்க மூச்சு முட்டுது மச்சான். உங்க மாத்திரை இருக்கிறதாலதான் தாக்குப்பிடிக்கிறேன். இல்லைன்னா இவளைக் கூட்டிக்கிட்டு என்னைக்கோ டாக்டர்கிட்ட போயிருப்பேன்" என்றார். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் உலர்த்தும் மிஷின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. என் தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். "மச்சான், ஒண்ணு கூடக் குடுங்க" என்றார். நான் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி எடுத்து வந்தேன். வெளியே போன் இருந்தது, தெருமுனையில் டாக்டரும் இருந்தார். ஆனால் எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்து, "கரையிற வரைக்கும் பேசாதீங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் பேசவில்லை.

என் தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் இல்லைன்னா இந்த ரெண்டு வருஷம்கூட இருந்திருக்க மாட்டாருண்ணா." அப்போது நானும் அழுதேன். மாப்பிள்ளை மீது எனக்கு உண்மையாகவே பாசம் இருந்தது.

பெரியவர் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார்களே. அவர் ஒருநாள் இஸ்திரி அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, மடித்த விரிப்புகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். "சர்க்கரை வியாதிக்கு ஏதாவது வச்சிருக்கியாப்பா? எனக்கில்ல, ஒருத்தருக்கு."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவருக்கு மட்டும் நல்ல மருந்து கொடுப்பது பாரபட்சம். எல்லோருக்கும் கொடுத்ததையே கொடுத்தேன், தினமும் இரண்டு வேளை. அந்த மாத்திரையில் சர்க்கரையும் இருந்தது என்பதை இப்போது நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. பத்து மாதத்தில் காலில் புண் வந்து, அது மேலே ஏறி, போய்விட்டார். மூன்று வாரத்தில் வீடும் கலைந்தது. ஆக உங்களை எல்லாம் விடுதலை செய்தவனும் நான்தான். அதற்குத் தனியாகக் கடிகாரம் எதுவும் நான் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்து ஆறு வருடம் ஆகிறது. மறுபடி மருந்துக்கடையில் வேலை, நானும் தங்கையும் ஒரே வீட்டில். பெரியவர் சொன்ன எதிலும் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. பிரார்த்தனையால் ஒரு தும்மல்கூட நிற்காது என்று கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவன் நான்.

நாலு வருடத்துக்கு முன் தங்கைக்கு அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை தகரப் பெட்டியில் போட்ட அதே மாத்திரை. சீட்டை என் கையில் வைத்து, "உன் கையால குடுத்தாத்தான் எனக்குக் கேக்கும்ணா" என்றாள். ஏழு அறை உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன், கிழமைக்கு ஓர் அறை. ஞாயிறுதோறும் நான்தான் அதை நிரப்புகிறேன்.

கடை மாத்திரைகளை நிரப்பலாம் என்றுதான் முதல் ஞாயிறு உட்கார்ந்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. இந்த மாத்திரையால் அவள் நன்றாக இருந்தால், மாப்பிள்ளையும் இதைச் சாப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருப்பார் என்று ஆகிறது. இதைச் சாப்பிடாமலே அவள் நன்றாக இருந்தால், மாப்பிள்ளை போனது அவர் விதி. எந்த நீதிபதியும் இதைவிடத் தெளிவாக யோசிக்க முடியாது. பித்தளைத் தட்டு பரணில்தான் இருந்தது. சிவப்பு மைக்குப் பதிலாக இப்போது கேக்குக்குப் போடும் சாயம் வாங்குகிறேன், அது உடம்புக்குக் கெடுதல் இல்லை.

நாலு வருடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சமைத்தாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு குப்பைத்தொட்டிக்காகச் சண்டை போட்டாள். அவள் எழுந்து நடமாடிய ஒவ்வொரு நாளும் என் பக்கம் சாட்சி சொன்ன நாள். ஆயிரத்து நானூறைத் தாண்டிவிட்டது. யாரும் கை தட்டவில்லை, நான் மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொள்வேன்.

நேற்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். அழுத்தம் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "மாத்திரை தவறாம சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் எண்ணி எண்ணிக் குடுக்கிறார் டாக்டர். ஒரு வேளை தவறினதில்ல" என்றாள் தங்கை, பெருமையாக. மரத்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அளவை இரண்டு மடங்காக்கினார். இது விளையாட்டில்லை, தலைக்குள் இரத்தக்குழாய் வெடிக்கும் என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து கடை மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை. ஆனால் இன்றைக்கு இதைக் கொடுத்து, நாளைக்கே அவளுக்குக் குணமாகிவிட்டால், மாப்பிள்ளை உட்கார்ந்த அந்த மத்தியானத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு நாள் பதறிப்போய் ஆயிரத்து நானூறு நாள் சாட்சியை அழிப்பது நியாயமில்லை. அட்டையைப் பிரித்து வாளியில் கரைத்தேன்.

இன்று காலை வெதுவெதுப்பான தண்ணீர் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளர் அவள் கையில் நிற்கவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். "உன் கை பட்டாலே பாதி சரியாப் போச்சுண்ணா" என்றாள், வாய் லேசாகக் குழறியது.

நேற்று வரை ஒன்று கொடுத்தேன், இன்று இரண்டு கொடுத்தேன். அளவு விஷயத்தில் டாக்டர் சொல்லை நான் மீறியதே இல்லை.