துப்பிப் பார்த்த ருசி

— குடிக்காத பிள்ளைக்கு உந்தப் போத்தலின்ரை ருசி எப்பிடித் தெரியும்? முதலிலை அதைச் சொல்லுங்கோ, இராக்கம்மா.

— சத்தியமா எம்மவன் தினேஸ் குடிக்க மாட்டான் டீச்சர். பண்டாரவளை ஓட்டல்ல பாருல நிக்கிறான். வர்றவங்களுக்கு ருசி சொல்லணும்ல? வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவானாம்.

— மெய்யே? துப்பினா ருசி தெரியுமோ?

— எங்க தேயில பெக்டரில வந்து பாருங்க. தொரையும் டீமேக்கரும் வரிசையா கோப்பைய வச்சு, சர்ருன்னு உறிஞ்சி, வாய்க்குள்ள சுத்தித் துப்பிருவாங்க. தேயில நல்லதா கெட்டதான்னு அதுலயே சொல்லிருவாங்க.

— தேத்தண்ணி வேறை, சாராயம் வேறை.

— சாராயமில்லீங்க, போர்பன். அமெரிக்காவுல சோளத்துல காய்ச்சி, கடைசில போர்ட் வைன் இருந்த பீப்பாயில ஊத்தி வச்சதாம். 'வெல கம்மி, ருசி கூட, மாமாவுக்குப் புடிக்கும்'னு குடுத்துவிட்டான்.

— மாமாவுக்கு விலை குறைஞ்சதோ? அதோடை, மாமா எண்டு சொல்ல நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. என்ரை மகள் மயூரி அந்த ஓட்டலிலை கணக்கெழுதப் போனவள், பார்க்காரனைக் கட்டப்போறன் எண்டு வந்து நிக்கிறாள். தோட்டத்து லயத்துப் பிள்ளை எண்டதுக்காக இல்லை, இராக்கம்மா. குடிகாரனைக் கட்டி என்ரை அக்கா பட்ட பாட்டைக் கண்ணாலை கண்டனான். குடியோடை ஒரு சங்காத்தமும் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்.

— எம் புருசன் குடிச்சே போய்ச் சேந்தாரு டீச்சர். அதப் பாத்து வளந்தவன் தொடுவானா? சரி, நாமளே துப்பிப் பாத்துருவோம். அவன் சொன்ன ருசி தெரிஞ்சா அவன் சொல்றது உண்ம. தெரியலன்னா போத்தலத் தூக்கிக்கிட்டு நான் தோட்டத்துக்கு நடையக் கட்டுறேன்.

— உங்களுக்கென்ன பைத்தியமோ? இவர் வந்திட்டா?

— ஐயா தெமோதர ஸ்டேசன் மாஸ்டர். ரயில அனுப்பாம வீட்டுக்கு வருவாரா? ரயில் சத்தம் கேக்குற வரைக்கும் நமக்கு நேரமிருக்கு. கோப்பைய எடுங்க.

— கொஞ்சமா ஊத்துங்கோ. உங்கடை மகன் என்ன ருசி எண்டவர்?

— மொதல்ல மர வாசம். நடுவுல கேக்குக்குப் போடுற பிளம்ஸ். கடைசியா தோடம்பழத் தோலு, அதான் ஆரஞ்சுத் தோலு. சத்தமா உறிஞ்சணும் டீச்சர்.

— ஐயோ, எரியுது. எங்கை துப்புறது?

— சன்னல் வழியா துப்புங்க.

— அதிலை என்ரை கத்தரிக்கண்டெல்லோ நிக்குது.

— துப்பியாச்சில்ல, விடுங்க. இனி ஒங்க கத்தரிக்கா குழம்புக்குள்ள சும்மா கெடக்காது, பாட்டுப் பாடும்.

— சிரிப்புக் காட்டாதேங்கோ, உள்ளுக்குப் போகுது.

— எனக்குப் போயிருச்சு டீச்சர். மொத்தமா. தொண்டைக்குள்ள ரயில் ஓடுது.

— ருசி என்ன மாதிரி?

— வெத்தல போட்ட வாயி, சுண்ணாம்புதான் தெரியுது. எம்மவன் வாழ்க்க இப்ப ஒங்க நாக்குல இருக்கு.

— இன்னொருக்கா ஊத்துங்கோ. பயப்பிடாமல் ஊத்துங்கோ... ஓம். மரம். புது அலுமாரி திறந்த மாதிரி.

— பொறவு?

— பொறுங்கோ, துப்பிப்போட்டுச் சொல்லுறன்... இராக்கம்மா, பிளம்ஸ். கேக்கிலை கிடக்கிற அதே பிளம்ஸ்.

— அடியாத்தீ. துப்பிட்டும் தெரியுதா?

— துப்பிப்போட்டும் தெரியுது. நாக்கிலை நிக்குது. பிள்ளை பொய் சொல்லேல்லை. எனக்கு இப்ப நெஞ்சு லேசாக் கிடக்குது, சம்பந்தி.

— என்னான்னு கூப்பிட்டீங்க?

— சம்பந்தி எண்டனான். ஏன் அழுறியள்?

— அழுவல, சிரிக்கிறேன். ரெண்டும் சேந்து வருது. தோடம்பழத் தோலு தெரியுதா?

— அது இல்லை. இன்னும் ரெண்டுதரம் ஊத்துங்கோ... நாலுதரம் துப்பியும் வரேல்லை.

— அஞ்சாவது வாட்டி பாக்கிறீங்களா?

— ஊத்துங்கோ... ம்ஹூம், இல்லை. அது சும்மா புளுகு. வியாபாரத்துக்குச் சொல்லுறது. மூண்டிலை ரெண்டு சரி, நான் பாஸ் போட்டிட்டன். உது ஆர், கதவைத் திறக்கிறது?

— மயூரிப் பொண்ணு. ஸ்டேசனுக்கு டீ கொண்டு போயிட்டு வருது.

— அம்மா, என்ன ரெண்டு பேரும் இப்பிடிச் சிரிக்கிறியள்? இதென்ன, போத்தல் அரைவாசி இல்லை?

— கத்தரிக்கண்டு குடிச்சிட்டுது. மயூரி, பிளாஸ்கை வைச்சிட்டு இஞ்சை வா. உன்ரை தினேஸ் தங்கமான பிள்ளை, துப்புறவன்தான். அப்பாவோடை நானே கதைக்கிறன். அந்தத் தோடம்பழத் தோல் மட்டும் புளுகு, அதையும் மன்னிச்சு விட்டிட்டன்.

— அவர் புளுகேல்லை அம்மா. அது விழுங்கினாப் பிறகுதான் வரும். அவர் துப்புறவர், அவருக்கு அது தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தனான்.