பெறுநர் கையொப்பம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமை இல்லை, ஐயா. என்னிடம் அழகாக இருப்பது அது ஒன்றுதான் என்று என் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தேர்வு வாரியத்தில் சேர்ந்தபோது, அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்னைச் சலுகைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். இன்று உங்கள் எதிரில் உட்கார வைத்திருப்பதும் அதுதான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும். குமாஸ்தா கையில் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் அப்படித்தான்.

எங்கள் பிரிவின் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடு முழுக்க ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளில் நடக்கும் நுழைவுத் தேர்வு. நூற்றிருபது கேள்விகள், இரண்டு மணி நேரம், சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கருப்பாக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் சிலருக்குக் கை நுழையாது. அந்தச் சிலர் எங்களுக்கு விண்ணப்பிப்பார்கள். பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்தில் கேள்வித்தாள் கொடுப்போம். கை வராதவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். ஓய்வு நாளில் பேனாவைத் தொடக் கூடாது என்ற மதத்துக்காரருக்கு வேறொரு நாள்.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டும், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்பது விதி. நான் கடிதம் அனுப்புவதில்லை. ஃபோனை எடுத்துவிடுவேன்.

"அம்மா, டாக்டர் போட்ட சீல் உங்க பையன் போட்டோவைத் தொடவே இல்ல. பாதி சீல் போட்டோ மேல ஏறணும். நாளைக்குப் போய் இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்க. குத்துறது டாக்டருக்குப் பழக்கம்தானே."

இப்படி எத்தனை ஃபோன் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. அடுத்த மேசை அம்மாவுக்கு நான் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தேன். எந்தப் பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "உங்களுக்குச் சம்பளம் வாரியம் தருதா, டெலிபோன் கம்பெனி தருதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரும் ஃபோன் செய்யப் பழகிக்கொண்டார். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எனக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே அவளுடைய இரண்டு கை விரல்களும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவை. பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிப்பாள். ஒரு வட்டத்தைக் கருப்பாக்க மற்றவர்களுக்கு மூன்று நொடி ஆகும் என்றால் அவளுக்கு அறுபது நொடி ஆகும். கணக்கு மட்டும் மின்னல். நான் காகிதத்தில் போட்டு முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, நான் தப்பு செய்யும் இடத்துக்காகச் சிரிக்கக் காத்திருப்பாள்.

அவளுக்கு ஏழு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து காலையில் அவள் சட்டைக்குப் பொத்தான் போடுவது என் வேலை. கழுத்தில் ஒன்று, இரண்டு கைகளின் மணிக்கட்டில் இரண்டு. நான் தாமதமானால் அறையிலிருந்து குரல் வரும்.

"என்ன ஆபீசர், பொத்தான் இலாகா இன்னைக்கு லீவா?"

"மேடம் மனு கொடுத்தீங்களா? மனு இல்லாம இங்க ஒரு பொத்தானும் நகராது."

"வாய்மொழி மனு. அவசரம்."

இந்த நாடகம் பதிமூன்று வருடம் ஓடியது. ஒரு நாளும் அலுக்கவில்லை. எனக்கு.

தேர்வில் தேறினால் அவள் போகப்போகும் கல்லூரி ரயிலில் ஏழு மணி நேரம். தூரத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. பொத்தானைப் பற்றித்தான் யோசித்தேன். விடுதியில் யார் போட்டுவிடுவார்கள்? நான்கு பேர் பார்க்க, பொத்தான் போடாத சட்டைக் கையோடு வகுப்பில் உட்காருவாளா? தகப்பன் என்றால் இதையெல்லாம் யோசிக்கத்தான் வேண்டும். நான் யோசித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

முதல் வருடம் சான்றிதழ் வாங்க நாங்கள் இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் பேசிக்கொண்டே சீல் குத்தினார். அது போட்டோவுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. அந்த அறையிலேயே பார்த்துவிட்டேன். என் கண் அதற்கென்றே பழகிய கண். டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. உறவினர் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அது என் நினைவுக்கு வந்தது. மற்றபடி எல்லா விதிகளையும் கடைப்பிடித்தேன். சீல் போட்டோவைத் தொடவில்லை என்று குறை சுட்டும் கடிதம் எழுதினேன். உறையில் முகவரி எழுதும்போது, என் வீட்டு முகவரியை நான் இவ்வளவு அழகாக எழுதியதே இல்லை என்று தோன்றியது. பதிவுத் தபாலில் சேர்த்தேன். அது மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். மகள் அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருப்பாள். நான் அரை நாள் லீவு போட்டேன்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார் தபால்காரர்.

"கொஞ்சம் களைப்பு."

ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டேன். எழுதியவன் நான், அனுப்பியவன் நான், பெற்றுக்கொண்டவன் நான். பதில் எழுத வேண்டியவனும் நான்தான். பதினைந்து நாள் கழிந்தது. பதில் வரவில்லை. கோப்பை மூடினேன்.

மகளிடம் மேலே தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மடங்காத விரல்களால் என் முதுகைத் தட்டினாள்.

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க? ஊர்ல எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கீங்க. நமக்குன்னு வரும்போதும் ரூல் ரூல்தானே."

அந்த அழுகை நடிப்பு இல்லை, ஐயா. வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.

இரண்டு மணி நேரத்தில் எழுதினாள். மதிப்பெண் பிரிவில் ஒரு நண்பர் இருந்தார். அவரிடம் சொல்லி விடைத்தாளைப் பார்த்தேன். எண்பத்தொரு வட்டங்கள் கருப்பு. எண்பத்தொன்றும் சரி. எண்பத்திரண்டாவது வட்டம் பாதி கருப்பாகி நின்றிருந்தது. மணி அடித்திருக்கும். அதற்குக் கீழே தாள் முழுக்க வெள்ளை. இடம் கிடைக்க நூறு வேண்டும்.

மறு வருடம் அவள் வேறு வழியில் இறங்கினாள். கூடுதல் நேரம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டப் பார்த்தாள். வெறும் வட்டங்கள் அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தாள். கூர் பென்சிலைவிட மழுங்கிய பென்சில் சீக்கிரம் கருப்பாக்கும் என்று கண்டுபிடித்தாள். நான் வாசல் படியில் பென்சில்களைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தேன். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து நேரம் சொன்னதும் நான்தான். அறுபது நொடியிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வந்தாள். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. எண்ணெய் தடவிவிட்டேன். ஒரு தகப்பன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

சான்றிதழை அந்த முறை முன்கூட்டியே வாங்கி என்னிடம் கொடுத்துவைத்தாள். அதற்கு ஆயுள் ஆறு மாதம். ஆறு மாதமும் நான்கு நாளும் ஆன பிறகு விண்ணப்பத்தோடு சேர்த்தேன். கடிதம், மூன்றாம் நாள், அரை நாள் லீவு. தபால்காரர் "இன்னும் களைப்பு போகலையா சார்?" என்று கேட்டார். அந்த வருடம் தொண்ணூற்று நான்கு வட்டம். தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் எப்படியும் தெரியும். எல்லோருக்கும் ஃபோன் செய்பவன் ஒரே ஒரு கோப்புக்குக் கடிதம் போட்டால் கண்ணை உறுத்தும். அதனால் ஒவ்வொரு வருடமும் இன்னும் நான்கைந்து கோப்புகளை எடுத்து, அவற்றுக்கும் ஃபோன் செய்யாமல் கடிதம் போட்டேன். காது கேட்காத ஒரு பையன், ஒரு கண் மட்டும் தெரியும் ஒரு பெண், ஓய்வு நாளில் எழுத முடியாத ஒரு பெண். இப்படி மொத்தம் பதினான்கு பேர். ஐந்து பேரிடமிருந்து பதில் வரவில்லை. வீடு மாறியிருக்கலாம். ஓய்வு நாள் பெண் அந்த ஐவரில் ஒருத்தி. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று இருந்தது. என் மகளுக்குத் தனியாக ஒரு நியாயம் வைத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.

மூன்றாம் வருடம் இந்த வருடம். சீல் போட்டோவின் மேல் பாதி ஏறியிருந்தது. தேதியும் சரி. மகளே இரண்டு முறை பார்த்துக் கொடுத்தாள். ஆனால் விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினால் அடியில் நிரப்பியவர் கையெழுத்து வேண்டும். நிரப்பியவன் நான். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பிறகு, கையெழுத்து இல்லை என்று எனக்கு நானே கடிதம் எழுதினேன். விண்ணப்பத்தில் போடாத அந்தக் கையெழுத்தை ஒப்புகை அட்டையில் போட்டேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிரிப்பு வேண்டுமானால் லேசாக வந்தது.

அட்டை அலுவலகத்துக்குத் திரும்பி வந்த அன்று பல்வலி என்று நான் உண்மையாகவே லீவு. அது பூதக்கண்ணாடி அம்மாவின் மேசைக்குப் போனது. என் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் உண்டு, மேலே போய்ச் சுழித்துக் கீழே இறங்கும். இருபது வருடமாக அவர் பார்க்கும் வால். அவர் பழைய கோப்புகளை எடுத்து மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். மேலதிகாரியிடம் போகவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார். ஃபோனை எடுத்தார்.

"விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சும்மா. பெரிய விஷயம் இல்ல. நாளைக்குக் காலையில நேர்ல வந்துடு."

மறுநாள் காலை நான் எழுந்தபோது மகள் வீட்டில் இல்லை. அலுவலகம் போய் உட்கார்ந்து முதல் ஆளைக் கூப்பிட்டேன். சாளரத்துக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். விண்ணப்பத்தைக் கையின் பக்கவாட்டால் என் பக்கம் தள்ளினாள். அதன் மேல் மூன்று அட்டைகள்.

"ஒரு கையெழுத்து வேணும், சார்."

ஆபீசர் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். வால் நன்றாக வந்தது.

"எத்தனை தடவை?" என்றாள்.

"மூணு."

"என் விடைத்தாளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"தப்பு எத்தனை?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள், பிள்ளைகளிடம் கணக்கைக் கேட்டு விடை சரியாக வந்ததும் ஆட்டுவது போல. வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். எனக்கு அப்போதுதான் அவளுடைய மணிக்கட்டு கண்ணில் பட்டது. இரண்டு பொத்தான்களும் போட்டிருந்தன. கழுத்திலும்.

"பொத்தான் யார் போட்டுவிட்டாங்க?"

தோள்பையில் தொங்கிய ஒரு கம்பிக் கொக்கியைக் காட்டினாள். மரப்பிடி போட்டது, நுனி வளைந்தது. பிடி தேய்ந்து மினுமினுத்தது.

"ரெண்டு வருஷமா நானே போட்டுக்குவேன்ப்பா. காலையில உங்களுக்கு அது ஒரு சந்தோஷம்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மணி நேரம் கொடுத்து எழுத வைத்தார்கள். நூற்றிருபது வட்டமும் கருப்பு என்று கேள்விப்பட்டேன். இரண்டு தப்பாம். எந்த இரண்டு என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். வியாழக்கிழமை ரயில்.

ஆக, நீங்கள் படித்துக் காட்டிய குற்றச்சாட்டு அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறையும் வேண்டுமென்றே செய்தேன். வேறு யாருக்கும் பங்கில்லை. அவளுடைய நன்மையைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை. வேலையை விட்டு எடுப்பதானால் எடுங்கள், வாதாட மாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், விடுதிக் கடிதம் எல்லாம் இனி பதிவுத் தபாலில்தான் வரும். சித்தி வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை. தவறிப்போனால் பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆவது? அதனால் ஏட்டில் அவளுடைய முகவரியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் பழைய முகவரிக்கே வரட்டும். இனி நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பேன்.