காகத்துக்கு வைத்த சோறு

நான் பறவைகளுக்குச் சோறு வைக்கிறவள், விதானையார். கிராமத்துக்கு அதிகாரி நீங்கள், கோப்பாயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கணவர் தியாகராசா ஆமியின் பீரங்கிச் செல்லடியில் இறந்த நாள் முதல் சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறேன். கிணற்றுக்கட்டில் வாழையிலை போட்டுச் சோறும் கறியும் படைத்துக் காகத்தைக் கூப்பிடுவேன். அது வாய் வைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு. இருந்த காலத்தில் ஒரு நாளும் நேரத்துக்குச் சாப்பிட வராத மனிதர், காகமான பிறகு கூப்பிட்ட குரலுக்கு வந்தார். அந்தக் காகத்துக்கு ஒரு கால் நொண்டும். அவருக்கும் அப்படித்தான்.

பிறகு சூசைதாசனும் அவன் மனைவி லூர்த்தம்மாவும் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வெறும் வீட்டுக்கு வந்தார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள் புறாக்கூட்டை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அவர்களை வெறுக்கவில்லை. என் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் காகத்தைக் கூப்பிட வாயெடுக்குமுன் புறாக்கள் இலையை வழித்துவிட்டுப் போயின. அவர் முருங்கைக் கொப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரும் பட்டினி, நானும் பட்டினி.

போய்ச் சொன்னேன். லூர்த்தம்மா சிரித்தாள்.

“அதுகளும் வாயில்லாச் சீவன்தானே அக்கா. ஒரு பிடி சோத்துக்கு ஏன் கோவிக்கிறியள்?”

ஒரு பிடி சோறாம். அன்று உச்சியில் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

நான் நியாயமாகத்தான் நடந்தேன். தகரம் தட்டினேன், குண்டு போடுகிற பொம்பர் வருகிறதென்று அயல் முழுக்கப் பங்கர்க் குழிக்குள் ஓடியது. வேலியில் கசெற் நாடா கட்டினேன், புறாக்கள் கணக்கெடுக்கவில்லை. அவருடைய நீலச் சட்டையைப் போட்டு வெருளி நிறுத்தினேன். புறாக்கள் அதன் தோளிலேயே குந்தின. நொண்டிக் காகம்தான் வெருண்டு வராமல் விட்டது. என் புருசனை அவருடைய சட்டையாலேயே துரத்தினேன். துரத்த வைத்தது யார்?

வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து வீட்டில் இருந்தது. வியாழக்கிழமை சோற்றில் பிசைந்து வைத்தேன். சனிக்கிழமை வைத்தால் அவர் திரும்பி வந்து அகப்பட்டுவிடுவார். காகங்கள் கிட்ட வராமல் தடியோடு நின்றேன். புறாக்கள் தின்றுவிட்டு வேலிக்கு அப்பால் போய் விழுந்தன.

லூர்த்தம்மா செத்த புறா ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வேலிக்கு வந்தாள். அழுதிருந்தாள். ஏதும் நோயாக இருக்குமோ என்று கேட்டாள்.

“ஹெலிகொப்டர் பதிஞ்சு பறந்து போனதெல்லோ பிள்ளை. அந்தச் சத்தத்துக்கே நெஞ்சு வெடிச்சிருக்கும்” என்றேன். “நல்ல இறைச்சி. இந்தப் பஞ்சத்திலை ஏன் வீணாக்கிறாய்? கறி வையன்.”

கறி வாசம் வேலி தாண்டி வந்தது. நான் சைவம், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு “அக்கா” என்று வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவது கேட்டது. பலமுறை கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

புருசனும் மனைவியும் பழுதான சாப்பாட்டால் இறந்தார்கள் என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். நான் இன்றைக்கு வந்தது அதற்காக இல்லை. ஒரு முறைப்பாடு சொல்ல வந்தேன்.

நொண்டிக் காகம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதோடு புதிதாக இரண்டு காகங்கள் வருகின்றன. அவரைக் கொத்திக் கலைத்துவிட்டுச் சோடியாக இருந்து இலையை வழிக்கின்றன. யாரென்று எனக்குத் தெரியும். யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரருக்கு என் படையலில் என்ன பங்கு?

மருந்து முடிந்துவிட்டது, விதானையார். அரசாங்கம் போட்ட பொருள் தடை என்று கடையிலும் இல்லை. இனி அவர்களை எதைக் கொண்டு கலைக்கலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.